பெருவிரல் மறைத்த எண்

தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கண் ஆசுபத்திரிக்கு வருகிறவர்களுக்குப் படம் மட்டும் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஏதோ ஒரு வறண்ட நாடு, ஒரு பிக்கப் வாகனத்தின் பின்னால் நாலைந்து பேர் நின்றபடி போகிறார்கள், புழுதி, தலையில் சுற்றிய துணி, என் வாய் தானாக அசையத் தொடங்கிவிட்டது, முதலாமவனுடைய துவக்கில் முன்குறியைச் சுற்றி முழு வளையம், அப்படியென்றால் சீனத்து ஐம்பத்தாறு ரகம், பக்கத்தில் நிற்பவனுடையது ருமேனியா, முன்னாலும் ஒரு மரப்பிடி இருக்கிறதே அதை வைத்தே சொல்லிவிடலாம், கடைசியில் நிற்பவன் திரும்பினால் நல்லது, திரும்பு, கொஞ்சம் திரும்பினால்தான் என்ன, ஆ, திரும்பிவிட்டான், பெல்ஜியம், அது எப்படி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, மனதுக்குள் ஒரு சின்னத் துள்ளல், பரீட்சையில் படித்த கேள்வி வந்த மாதிரி. அப்போதுதான் எதிர்க் கதிரையில் இருந்த வயதான பெண் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த மகளின் முழங்காலைப் பிடிப்பதைக் கண்டேன். எதற்கு என்று திரும்பவும் திரையைப் பார்த்தேன். வாகனம் போன தெருவோரத்தில் ஒரு பெண் கிடந்தாள். சிவப்புச் சட்டை, ஒரு கால் செருப்பில்லாமல். அவள் தொடக்கத்திலிருந்தே அங்கேதான் கிடந்திருக்க வேண்டும், வாகனம் அவளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், நான் காணவில்லை. மூன்று துவக்குகளைக் கண்டேன், அவளைக் காணவில்லை. முகத்தில் சூடு ஏறியது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்றாலும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன். துஷ்யந்தி, நீ ஒரு மனிசிதானா என்று யாராவது கேட்டால் நல்லாயிருக்கும். ஒருவரும் கேட்பதில்லை. சம்பளம் கூட்டித்தான் தருகிறார்கள்.

அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இது இரண்டாவது கண். முதல் கண்ணைக் குளிர் முடிகிற நேரத்தில் செய்தது, அடுத்த நாள் கட்டவிழ்த்ததும் அம்மா முதலில் என் தலையைத்தான் பார்த்தாள், உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சே பிள்ளை, நான் காணேல்லையே என்று அழுதாள், பிறகு குசினிச் சுவரில் எண்ணெய் பிடித்திருப்பதைக் கண்டு அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏசத் தொடங்கினாள். ஒரு கண்ணே இவ்வளவு செய்தால் இரண்டு கண்ணும் வந்தால் என்ன ஆகும். முன்பெல்லாம் கைபேசியில் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்கித் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஒன்றையும் விடாமல் வாசிக்கிறாள், ஊரில் யார் வீட்டுக் கிணறு இடிந்தது என்பது வரைக்கும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அதுதான் பயம். காலையில் உள்ளே கூப்பிடும்போது சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாது என்று சொல்லித் தொலைபேசியில் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள், அம்மா கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, ஆர் பிள்ளை இது, படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா, எனக்கு விளங்குது ஆனா சிரிப்பு வருது என்றாள். தாதிக்கு அது விளங்கவில்லை, அவளும் சிரித்தாள். கதவடியில் அம்மா ஒருதரம் நின்று திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாள். “உன்ரை பையைக் கவனமா வச்சிரு,” என்றாள். லண்டனுக்கு வந்து இவ்வளவு காலம் ஆகியும் அம்மாவுக்கு எல்லா இடமும் பேருந்து நிலையம்தான், எல்லாரும் களவெடுக்க நிற்கிறவர்கள்தான். ஓமம்மா, வச்சிருக்கிறன் என்றேன். பை என் மடியில் இருக்கிறது. அதற்குள் அம்மாவின் கண்ணாடி, ஆசுபத்திரிக் கடிதம், ஒரு போத்தல் தண்ணீர், நாலாய் மடித்த ஒரு படம்.

அந்தப் படத்தில் என் தம்பி கோகுலன் இருக்கிறான். சொல்லிவிட்டேன். மனதுக்குள்கூட இதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன், வாசலுக்கு வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புகிற விருந்தாளி மாதிரி. என் வேலை என்ன என்று ஊர்ச்சனத்துக்குச் சரியாகத் தெரியாது, மகள் கொம்பியூட்டரிலை படம் பாக்கிற வேலை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள், அவர்கள் நான் எக்ஸ்ரே பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் முழங்கால் நோவுக்கு என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள், நானும் திருத்தவில்லை. சண்டை நடக்கும் நாடுகளிலிருந்து வரும் படங்களில் இருக்கிற ஆயுதம் என்ன, எந்த நாட்டில் செய்தது, எந்த வழியாக அங்கே போயிருக்கும் என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். சின்ன அலுவலகம், நல்ல காரியம் என்று சொல்லித்தான் சேர்ந்தேன், நல்ல காரியம்தான், ஆயுதம் விற்றவன் நான் விற்கவில்லை என்று சொல்லும்போது அவன் முன்னால் எங்கள் அறிக்கையைப் போடலாம். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. படம் உள்ளே வந்ததும் எங்கள் மேசைக்கு வருமுன் ஆட்களின் முகத்தைக் கறுப்புப் பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். படத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு, பார்க்கிறவருக்கும் பாதுகாப்பு, முகத்தைப் பார்த்தால் இரவில் நித்திரை வராது என்று பொறுப்பாளர் ஃபியோனா சொல்லுவாள். துவக்கைப் பார்க்கிறவர் ஆளைப் பார்க்கக்கூடாது. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். பிடித்திருந்தது. இந்த முறை வந்தவை எங்கள் நாட்டுப் படங்கள், கடைசிச் சண்டையின்போது யாரோ எடுத்தவை, யாருடைய வீட்டு அலுமாரியிலோ கிடந்து இப்போது வந்து சேர்ந்தவை. இதை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று ஃபியோனா மெதுவாகத்தான் கேட்டாள். என்னை விட இதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எவ்வளவு திமிர். அப்படியே கேட்டேன், கதிரையைச் சுழற்றிக்கொண்டு.

அந்த ஒரு படம் மற்றவற்றை விட நல்லாயிருந்தது. கழுத்துக்கு மேலே கறுப்புப் பெட்டி, கீழே இயக்கத்து வரிச்சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது, மரத்தின் வரிகள்கூடத் தெரிந்தன. முன்குறி வளையம், மடித்து வைக்கிற ஈட்டிமுனை, பிடியில் ஒரு வெடிப்பு, அதைச் சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சைக்கிள் ரியூப்! அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோசம், அது எங்கள் ஆட்களின் வேலை என்று எனக்கு மட்டும்தான் தெரியும், நாலு வரி எழுதினேன், உள்ளூர்ப் பழுதுபார்க்கும் முறை பற்றி. தோள்பட்டி பழைய பாடசாலைப் பையிலிருந்து வெட்டியெடுத்த பட்டி, அதையும் எழுதினேன், தையலைப் பெரிதாக்கிப் பார்த்து. ஒன்றே ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. துவக்கின் இடப்பக்க உடலில் தொழிற்சாலை முத்திரையும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண் கிடைத்தால் எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்குப் போன தொகுதி என்பது வரை போகலாம், சரியாக அந்த இடத்தில் இடதுகைப் பெருவிரல் கிடந்தது. பெரிதாக்கினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், விரலின் ஓரத்தில் முத்திரை முக்கோணத்தின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. நாள் முழுக்க அந்த விரலோடு சண்டை. “சனியன், கொஞ்சம் தள்ளி வச்சிருக்கக் கூடாதா,” என்று தமிழில் வாய்விட்டே சொன்னேன், பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான், நான் சிரித்தேன். பிறகு குறிப்பில் எழுதினேன், விரலால் மறைக்கப்பட்டிருப்பதால் எண்ணை வாசிக்க முடியவில்லை. விரலால். யாருடைய விரல் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை, இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஃபியோனா வாசித்துவிட்டு இதுவரை நீ எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்றாள். அறிக்கையின் அட்டைக்கே இந்தப் படத்தைப் போடலாம் என்றாள். வீட்டுக்குப் போகும்போது ரயிலில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தபடி போனேன், அதை இப்போது நினைத்தால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு, படித்தேன், பயிற்சி எடுத்தேன். பொய். அம்மா சொல்லித்தந்தது. பங்கருக்குள் நாங்கள் மூன்று பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்போம், மேலே மண் உதிரும், தம்பி இரண்டு காதுக்குள்ளும் விரலைக் கொடுத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குவான், அப்போது அம்மா தொடங்குவாள், “சொல்லுங்கோ பாப்பம், இப்ப கேட்டது என்ன?” சரியாகச் சொன்னால் ஒரு துண்டுப் பனங்கட்டி. நான் உடனே சொல்லிவிடுவேன், அது ஏகே, அது ஃபிஃப்டி கலிபர், அது அங்காலை இருந்து, இது இஞ்சாலை இருந்து. தம்பிக்கு ஒன்றும் வராது, காதைப் பொத்தினவனுக்கு என்ன கேட்கும், கடைசியில் அம்மா அவனுக்கும் ஒரு துண்டு கொடுப்பாள், நான் சண்டை பிடிப்பேன், அவன் பிழையாச் சொன்னவன் அவனுக்கு ஏன் என்று. எங்களை அழாமல் வைத்திருக்க அம்மா கண்டுபிடித்த விளையாட்டு. அந்தத் துவக்குகளுக்கெல்லாம் பயணம் பண்ண எவ்வளவு லேசு. ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டுக்கு விற்று, அங்கே களவு போய், கடல் தாண்டி, கை மாறி, ஒரு சண்டை முடிந்ததும் அடுத்த சண்டைக்கு, முப்பது நாற்பது வருசம் பழுதில்லாமல். எனக்கு இந்த நாட்டுக்கு விசா தர எத்தனை கேள்வி கேட்டார்கள், அம்மாவுக்கு எத்தனை தரம் மறுத்தார்கள். தம்பிக்குக் கேட்கவே நேரம் கிடைக்கவில்லை. நான் படிக்க வந்த அடுத்த வருசம் வெளியே வருகிற பாதை பூட்டியது, பிறகு சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் வந்து நின்றார்கள், வீட்டில் அந்த ஒருவர் அவன் மட்டும்தான் மிச்சம்.

நேற்று அலுவலகத்தில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அட்டை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தூரத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேசையில் எப்போதும் நான் அதைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கித்தான் பார்த்தேன், முன்குறி ஒரு துண்டு, பிடி ஒரு துண்டு, விரல் ஒரு மறைப்பு. தூரத்திலிருந்து பார்க்கும்போது துவக்கு சின்னதாகிவிட்டது. ஒரு பெடியன் நிற்கிறான். ஒரு பக்கத் தோள் கொஞ்சம் இறங்கி, வயிற்றை உள்ளே இழுத்து, பாடசாலைப் படத்துக்கு நிற்கிற மாதிரி. எங்கேயோ பார்த்த நிற்பு. கிட்டப் போனேன். பெருவிரல் நகம் நடுவால் பிளந்து இரண்டு பாதியாக வளர்ந்திருந்தது, நடுவில் ஒரு வாய்க்கால். வீட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்போம். நான் சுற்றுவேன், அவன் வயரைப் பிடிப்பான். ஒருநாள் வயர் வழுக்கிச் சங்கிலிக்குள் விழ, எடுக்கப் போனான், பெருவிரல் நசிந்துவிட்டது. அவன் கத்தியது ரேடியோவை விடப் பெரிய சத்தம். பிறகு முளைத்த நகம் இப்படித்தான் முளைத்தது, பாடசாலையில் மாட்டுக்குளம்பு என்று பட்டம் தெளித்தார்கள், வீட்டுக்கு வந்து அழுதான், அம்மா அந்த விரலைக் கொஞ்சினாள். நான் அந்த நகத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்காலை நிழல் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறேன். சனியன் என்று சொல்லியிருக்கிறேன். கேத்தில் கொதித்து நின்றுவிட்டது, யாரோ எனக்குப் பின்னால் கோப்பையை எடுக்க வந்து மன்னிக்கவும் என்றார்கள், நான் தள்ளி நின்று வழி விட்டேன். எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபிறகு படத்தைச் சுவரிலிருந்து உரித்து மடித்துப் பைக்குள் வைத்தேன். மடிக்கும்போதும் பாருங்கள், பழக்கம், மடிப்பு துவக்கின் மேலே விழக்கூடாது என்று கவனமாகத்தான் மடித்திருக்கிறேன். மடிப்பு அவன் மணிக்கட்டுக்கு மேலே விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

என்ரை பிள்ளை துவக்கைத் தொட்டதே இல்லை. அம்மா இந்த வசனத்தை எத்தனை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, அங்கேயும் சொன்னாள், இங்கேயும் சொன்னாள், காணாமல் போன பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கும் மற்றத் தாய்மாரோடு இருந்த காலத்தில் வெயிலில் இருந்து சொன்னாள். கஞ்சி வாங்க வரிசையில் நிண்டவன், செல் விழுந்து சனம் சிதறேக்கை எங்கையோ போயிட்டான், அவனுக்குத் துவக்கின்ரை முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டும் தெரியாது. எழுத்தில் கொடுக்க வேண்டியதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவள் நான். அவனுக்கு வலது தோள் நழுவுகிற குறை இருக்கிறது என்றும் அடையாளக் குறிப்பில் எழுதினேன். மாமரத்தால் விழுந்ததிலிருந்து அந்தத் தோள் சும்மா சும்மா கழன்றுவிடும், நாட்டு வைத்தியர் வந்து முறுக்கிப் போடுவார், அதனால் அம்மா அவனை ஒரு வாளி தண்ணீர் தூக்க விட்டதில்லை, கிணற்றடியில் எல்லாம் நான்தான். நகத்தையும் எழுதினேன். இடதுகைப் பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருக்கும். என் கையால் எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன். துவக்கைத் தொட்டதே இல்லை என்று எழுதும்போது எனக்குச் சந்தேகம் இருந்ததா? இருந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று வந்தவர்கள் எங்கள் வீட்டை மட்டும் எப்படி விட்டார்கள் என்று நான் ஒருநாளும் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். அந்த வசனம் இல்லாவிட்டால் அவனைத் தேட ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்று அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன், துவக்கைத் தொட்ட பிள்ளை என்றால் அவன் பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா, ஆகிவிடும் என்றுதான் எல்லா அலுவலகத்திலும் முகத்தை வைத்திருந்தார்கள், நாங்களும் அதற்கு ஏற்றமாதிரிக் கதைத்தோம். இப்போது இந்தப் படம். அறிக்கை அடுத்த கிழமை வெளியே வரும். தமிழ்த் தளங்கள் எடுத்துப் போடும், போடாமல் விடுமா, கைபேசியில் அம்மா எழுத்தைப் பெரிதாக்குவாள், படத்தையும் பெரிதாக்குவாள், பெரிதாக்கப் பழக்கியவளும் நான்தான். கறுப்புப் பெட்டி மற்றவர்களுக்குத்தான் மறைப்பு. அவளுக்கு ஒரு நகம் போதும்.

ஆகவே ஒன்றில் அட்டையை நிறுத்த வேண்டும், அல்லது அம்மாவுக்கு நானே முதலில் சொல்ல வேண்டும். ஃபியோனாவுக்குச் செய்தி அடித்தேன், அந்தப் படத்தை அட்டையில் போட வேண்டாம். உடனே பதில் வந்தது, ஏன், அடையாளத்தில் சந்தேகமா? பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் இதைவிட நல்ல கேள்வி இல்லை. சந்தேகமில்லை என்று அடித்தேன், அழித்தேன். அது என் தம்பி என்று அடித்தேன், அதையும் அழித்தேன், ஏன் அழித்தேன் என்றால், இந்த வெட்கம் கெட்ட மனது அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது, சொந்தத் தம்பியையே தெரியாமல் மூன்று பக்கம் எழுதியவள் என்று அலுவலகத்தில் நினைப்பார்கள், சொந்தக்காரர் என்றபடியால் குறிப்பையும் நம்ப முடியாது என்பார்கள், என் சிறந்த குறிப்பு. அட, அவன் உயிரோடு நின்று எடுத்த கடைசிப் படம் அது, நான் என் குறிப்பைப் பற்றி யோசிக்கிறேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கைபேசியைத் திருப்பி வைத்தேன். திரும்ப எடுத்தேன். படத்தில் இருப்பவர் என் தம்பி கோகுலன், நான் அடையாளம் காணப் பிந்திவிட்டேன் என்று எழுதி, யோசிக்க முதல் அனுப்பிவிட்டேன். கைபேசியை அணைத்து வைத்தேன். எதிர்க் கதிரைப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள், எழும்பும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நானும் அசைத்தேன். இனி அம்மா. இன்றைக்கு வேண்டாம், கண்ணுக்கு அழுத்தம் வரக்கூடாது, அழக்கூடாது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது, அழக்கூடாது என்று அப்படியே இல்லை, கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று இருக்கிறது, அழுதால் தேய்ப்பாள். நாளைக்கு. நாளைக்குக் கட்டவிழ்த்தபிறகு. இல்லை, ஞாயிற்றுக்கிழமை. நான் இப்படியே தள்ளிக்கொண்டு போவேன் என்று எனக்கே தெரியும்.

கதவு திறந்தது. அம்மாவைத் தாதி கையில் பிடித்துக் கொண்டுவந்து என் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். கண்ணுக்கு மேலே துளை போட்ட பிளாஸ்டிக் மூடி, அதன் ஓரங்களில் ஒட்டுநாடா, முடி கலைந்து சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் தந்துவிட்டு, கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் போனாள்.

“நொந்ததே அம்மா?”

“இல்லை. வெளிச்சம்தான். கலர் கலரா வெளிச்சம். தொலைபேசிப் பிள்ளை அசையாதையுங்கோ அசையாதையுங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. நான் அசையேல்லை.” தேத்தண்ணியை ஊதினாள், குடிக்கவில்லை. “பை கவனமா இருக்கே?”

“இருக்கு. ஆர் எடுக்கப் போகினம்?”

“படம் கசங்கிப் போடும். அதுக்குத்தான் சொன்னனான்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினபோது பையை இரண்டு கையாலும் பிடித்தேன். அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாத தொலைக்காட்சியை.

“காலமை கடிதம் தேடேக்கை உன்ரை பைக்குள்ளை கை வச்சனான். மடிச்சுக் கிடந்துது. விரிச்சன். அவன்ரை நகத்தைக் கண்டதும் மூடிப்போட்டன். மிச்சம் பாக்கேல்லை.” பிஸ்கட்டை உடைத்து, உடைத்த துண்டை என் கையில் வைத்தாள். “பாத்தா இண்டைக்குக் கண்ணைச் செய்ய விடமாட்டன் எண்டு நினைச்சன். அதுதான் உள்ளை போயிட்டு வந்து கேப்பம் எண்டு.”

நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன், அலுவலகம், பழைய படங்கள், முகத்தை மூடும் வழக்கம், நான் காணவில்லையம்மா, நான் விரலைத்தான், எனக்கு வெட்கமாய் இருக்கு. அம்மா கையை உயர்த்தினாள். அவளுக்கு அது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

“உனக்குத் தெரியும்தானே,” என்றாள், “அவன் வச்சிருக்கிறது. அது பாரமோ?”

தெரியும். வெறுமையாக எவ்வளவு, மகசின் நிரப்பினால் எவ்வளவு, அந்த ஈட்டிமுனைக்கு மட்டும் எவ்வளவு, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். “ஒரு வாளி தண்ணியிலை பாதி வராது அம்மா,” என்றேன். அது உண்மை. நாள் முழுக்கச் சுமந்தால் என்ன என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“எந்தத் தோளிலை கொழுவியிருக்கிறான்?”

பட்டியைத் தெரியும், பாடசாலைப் பைப் பட்டி, தையல் இரட்டைத் தையல், நிறம் மங்கிய நீலம். எந்தத் தோள் என்று தெரியவில்லை. அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை. பையைத் திறந்து படத்தை எடுத்து மடியில் விரித்தேன். கறுப்புப் பெட்டிக்குக் கீழே பட்டி ஏறிப் போகிற இடத்தைத் தேடினேன். வலது தோளில்தான் ஏறிப் போகிறது. இறங்கியிருப்பது அந்தத் தோள்தான். சட்டை அந்த இடத்தில் உள்ளே குழிந்திருக்கிறது. அம்மா காத்துக்கொண்டிருந்தாள், ஒரு கண் மூடியில், மற்றக் கண்ணுக்குக் கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி என் பையில் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

“இடது,” என்றேன்.

அம்மா மூச்சை விட்டாள். கோப்பையை வாயில் வைத்து ஒரு முடக்குக் குடித்தாள், பிறகு இன்னொன்று.

“வாகனத்திலை ஏத்தேக்கை பின்னாலை ஓடி ஓடிச் சொன்னனான்,” என்றாள். “அப்பன், எதைத் தந்தாலும் இடப்பக்கத்தாலை தூக்கு, வலக்கையாலை தூக்கிப்போடாதை எண்டு. சத்தத்திலை கேட்டுதோ கேக்கேல்லையோ எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்.” என் மடியில் கிடந்த படத்தைத் தடவிப் பார்த்து, விரலை அதன் மேலேயே வைத்திருந்தாள். “கேட்டிருக்கிறான், பாத்தியோ.”